அழிப்பதும் ஆக்கமே!



நம் சங்க விழாவில் தொங்கிய வண்ணத் தோரணங்களைப் பார்த்துவிட்டு, இந்தப் பேப்பர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பலர் என்னைக் கேட்டார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வாங்கிய பத்திரிகைகள்தான் அவை. வழவழப்பான பக்கத்தில் தின்னரைத் தொட்டுத் தடவினால் அச்சு மை இளகி ஓடும். நடிகர் முகமும் சோப்பு விளம்பரமும் கரைந்து ஒன்றாகி, மேகம் மாதிரியும் மயிலிறகு மாதிரியும் ஒரு கோலம் வந்து நிற்கும். காய்ந்ததும் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். அந்தத் தாளின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு உண்டு. மை உள்ளே இறங்காமல் மேலேயே தங்குவதால் கரைகிறது. செய்தித்தாளில் மை நாருக்குள் ஊறிவிடும். அங்கே இந்த வித்தை சரியாகப் பலிக்காது.

இது நாங்க கண்டுபிடிச்சதில்லை. பத்திரிகை மையைக் கரைத்து உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருந்தார். அவர் கதையைத்தான் எழுதுகிறேன்.

ராபர்ட் ரௌஷன்பெர்க் 1925 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஊரில் பிறந்தார். அப்பா மின்சாரக் கம்பெனி ஊழியர். பையனுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகள் பிடிபடாது. அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் மக்கு என்பதுதான். மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்து ஓராண்டுகூட நிற்கவில்லை. தவளையை அறுக்க மறுத்ததுதான் காரணம் என்று பின்னாளில் சொல்வார். பிறகு கடற்படை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே ஓவியப் பள்ளிக்குப் போனார்.

நியூயார்க்கில் கையில் காசு கிடையாது. தெருவில் கிடந்த அட்டை, துணி, டயர் எல்லாம் அவர் ஓவியத்துக்குள் ஏறின. 1953-இல் ஒரு விபரீதமான காரியம் செய்தார். புகழின் உச்சியில் இருந்த வில்லெம் டி கூனிங்கிடம் போய், அழிப்பதற்காகவே ஓர் ஓவியம் கேட்டார். அவரும் அழிக்கக் கஷ்டமான ஒன்றாகப் பார்த்துக் கொடுத்தார். ரப்பர் ரப்பராகத் தேய்த்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து அழித்தார் நம்மவர். அந்த வெற்றுத் தாள் இன்று சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

அடுத்து வந்ததுதான் நம் வித்தை. இத்தாலிய மகாகவி தாந்தேயின் நரகக் காண்டத்தில் 34 பாடல் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என்று 1958 முதல் 1960 வரை வரைந்தார். வரைந்தார் என்பதைவிட, கரைத்தார் என்பதே சரி. பத்திரிகைப் படத்தை லைட்டர் திரவத்தில் நனைத்து, வெள்ளைத் தாளில் கவிழ்த்துவைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதுகில் தேய்ப்பார். மை இளகி, படம் இடவலமாக மாறி, கோடு கோடாக இறங்கும். கவிஞர் தாந்தேயாக வருபவர் யார் தெரியுமா? துண்டு கட்டிக்கொண்டு நின்ற ஒரு விளம்பர மாடல்!

1964-இல் வெனிஸ் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசு கிடைத்தது. வேறொருவராக இருந்தால் அதே பாணியில் நூறு படம் போட்டு விற்றிருப்பார். இவரோ நியூயார்க்குக்குப் போன் செய்து, தன் பட்டறையில் இருந்த சில்க் ஸ்கிரீன்களை அழித்துவிடச் சொன்னார். செய்ததையே திரும்பச் செய்யும் ஆசை வரக் கூடாதாம்!

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1966-இல் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்களோடு சேர்ந்து மேடை நிகழ்ச்சி நடத்தினார். டென்னிஸ் மட்டையின் பிடிக்குள் சின்ன டிரான்ஸ்மிட்டர். பந்து படும்போதெல்லாம் மணி அடித்தது போல ஓர் ஓசை. அரங்கில் ஒரு விளக்கு அணையும். கடைசியில் முழு இருட்டு. கலைஞனும் பொறியாளனும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது அவர் கட்சி.

1975-இல் அகமதாபாத்துக்கு வந்தார். சாராபாய் குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கி, காந்தி ஆசிரமக் காகித ஆலையில் தொழிலாளிகளோடு வேலை செய்தார். கந்தல் கூழோடு வெந்தயப் பொடியும் புளியங்கொட்டைப் பொடியும் சேர்த்துப் பிசைந்த சேற்றிலிருந்து சிற்பங்கள் பிறந்தன. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திலும் கைக்காகிதம் செய்வதைப் பார்க்கலாம். கந்தல் காகிதமாவதைக் கண்ணால் கண்டால், அவர் ஏன் அவ்வளவு தூரம் வந்தார் என்பது புரியும்.

1990களில் கடுமையான கரைப்பான்களிலிருந்து விலகி, தாவரச் சாயமும் தண்ணீருமாக அதே வேலையைச் செய்தார். தின்னர் பிடிக்கும் நாமும் ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, அடுப்பும் தீக்குச்சியும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். 2002-இல் பக்கவாதம் அவருடைய வலது கையைப் பறித்தது. இடது கையால் தொடர்ந்தார். 2008 மே 12 அன்று, 82-ஆம் வயதில் மறைந்தார்.

பேர் எடுக்கணும்னா எதையாவது சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்று நாம் நினைக்கிறோம்: மார்க், சர்டிபிகேட், சிபாரிசு. இவரோ எடுத்துவிட்டதால் பேர் வாங்கினார். பரிசு தந்த பாணியைக்கூடத் தூக்கிப் போட்டார். படிப்பு பாதியில் நின்றதை அவர் மறைக்கவில்லை. அதோடு நின்றுவிடவும் இல்லை. அரியர் வைத்துவிட்டு விடுதி அறையில் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

பழைய பேப்பர்காரர் அடுத்த முறை வரும்போது, கட்டைத் தூக்கிக் கொடுக்கும் முன் வழவழப்பான பக்கம் நாலு கிழித்து வையுங்கள். கரைத்துப் பாருங்கள். என்ன வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது!