ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (கோபால்சாமி துரைசாமி நாயுடு, மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பள்ளிக் கல்வியைத் தொடக்க நிலையிலேயே விட்டுவிட்ட இவர், 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். அக்கல்லூரியே இன்றைய கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகும்.

இளமை

நாயுடு கோவைக்கு அருகில் சூலூர் பகுதியில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. இளம் வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டது அவரது வாழ்க்கையின் போக்கை மாற்றியது. அதை வாங்கும் பொருட்டுக் கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அதன் இயக்கத்தைத் தாமே கற்றுக்கொண்டார். இயந்திரவியலில் அவர் பெற்ற முதற்பயிற்சி இதுவே.

தொழில் முயற்சிகள்

1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். இதிலிருந்து யு.எம்.எஸ். என்னும் போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. பீளமேட்டில் இருந்த அவரது நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனத்தில், தே. பாலசுந்தரம் நாயுடுவின் ஒத்துழைப்புடன் 1937இல் மின்மோட்டார் உருவாக்கப்பட்டது. இது இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகக் கருதப்படுகிறது. மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் ஆகியனவும் அவரது ஆக்கங்களுள் அடங்கும். 1952இல் குறைந்த விலையில் இருவர் அமரக்கூடிய கார் ஒன்றை வடிவமைத்தார். உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்காததால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆர்தர் ஹோப் கல்லூரி

சென்னை மாகாணத்தில் பொறியியல் கல்விக்கு நெடுங்காலம் முதன்மையான இடமாக இருந்தது, 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற கிண்டி பொறியியல் கல்லூரியாகும். இதற்கிடையில் கோவையில் நூற்பாலைகளும் அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் பெருகின. அவற்றுக்கு இயந்திரம் அறிந்த ஆட்கள் தேவைப்பட்டனர். இந்நிலையில் நாயுடுவின் முயற்சியாலும் பொருளுதவியாலும் 1945இல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பட்டம் ஏதும் பெறாத நாயுடுவே அதன் முதல்வராகப் பொறுப்பேற்றார்.

கருத்து வேறுபாடு

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் செலவிடுவது மாணவரின் காலத்தை வீணாக்குவது என்று நாயுடு கருதினார். பாடங்களை முறையாகத் திட்டமிட்டுக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவரது நிலைப்பாடு. ஒரே கட்டடத்தில் வெவ்வேறு நேரங்களில் பல பிரிவுகளாக வகுப்புகளை நடத்தினால், வேலைக்குச் செல்வோரும் படிக்க இயலும் என்றும் அவர் பரிந்துரைத்தார்.

அரசு இப்பரிந்துரைகளை ஏற்கவில்லை. தமது திட்டத்தை நடைமுறைப்படுத்த முடியாத நிலையில் நாயுடு முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். பட்டறையில் கற்றவருக்குப் போதுமெனத் தோன்றிய கால அளவும், பட்டத்தின் தரத்துக்குத் தேவையென அரசு கருதிய கால அளவும் வேறுபட்டதே இப்பிணக்கின் அடிப்படையாகும்.

கல்லூரியின் வளர்ச்சி

நாயுடு விலகிய பின்னரும் கல்லூரி தொடர்ந்து இயங்கியது. 1950இல் தடாகம் சாலையில் உள்ள வளாகத்துக்கு மாறியது. பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் அறியப்பட்டு, 1987இல் தன்னாட்சித் தகுதி பெற்றது. பணிபுரிவோருக்கான பகுதிநேரப் பொறியியல் படிப்புகளும் பிற்காலத்தில் இங்கு நடத்தப்பட்டன. இவ்வகையில் நாயுடுவின் பரிந்துரைகளுள் ஒன்று அவர் விலகிய பின் செயல்வடிவம் பெற்றது எனலாம். எனினும் பட்டப்படிப்பின் கால அளவு இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்படவில்லை.

கல்லூரியின் பழைய பெயர் ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்டது. அவிநாசி சாலையில் பீளமேட்டை ஒட்டிய பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்கப்படுகிறது.

இறுதிக் காலமும் நினைவும்

நாயுடு தமது சேகரிப்புகளையும் கருவிகளையும் பொதுமக்கள் காணும் வகையில் 1967இல் கோவையில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் காலமானார். கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. இம்மேம்பாலம் ஹோப் காலேஜ் பகுதியின் வழியாகச் செல்கிறது.