முள்வேலிக்குள் இருந்த தளபதி

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுடா என்று செட் பசங்க விரட்டியபோது ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே வரியில் வந்து போகும் பெயர்: ஜெனரல் பி.பி.குமாரமங்கலம். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. நம் தமிழர்!

1913-ல் பிறந்தவர். திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா டாக்டர் சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அம்மா ராதாபாய், லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன பெண்மணி. மகன் சீமையில் ஈட்டன் பள்ளியில் படித்து, 1933-ல் பீரங்கிப்படை அதிகாரி ஆனார். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது உண்மைதான். எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்த்தான் நான் ஃபீஸ் கட்டுகிறேன். இங்கிலீஷ் பேப்பரை ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணினேன்.

ஆனால் 1942 மே மாதம் லிபியா பாலைவனத்தில் ஜமீன், ஈட்டன் எதுவும் கைகொடுக்கவில்லை. மே 27 காலையில் பீர் ஹக்கீம் அருகே ரோமலின் டாங்கிகள் இந்தியப் படைமுகாமை அப்படியே அமுக்கிவிட்டன. பீரங்கிகளோடு கடைசி வரை நின்ற மேஜர் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது, கூடவே சிறைவாசமும்! வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டு அண்ணன் எதிரியிடம் மாட்டினார். தம்பி மோகன் குமாரமங்கலமோ ஓரிரு ஆண்டு முன்பு, சென்னை சதி வழக்கில் அதே வெள்ளைக்காரன் ஜெயிலில் இருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள்! இதில் யார் சரி என்று ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம், முடியல.

முதலில் இத்தாலி முகாம். பிற்காலத்தில் பாகிஸ்தான் ஜனாதிபதியான யாஹ்யா கானும் அங்கே உடன் கைதி. 1943-ல் நம்மவர் தப்பித்தார், திரும்பவும் பிடிபட்டார். இந்த முறை ஜெர்மன்காரர்கள் விடுவார்களா? ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற கடும் காவல் முகாமுக்கு அனுப்பினார்கள். இப்போது அந்த இடம் போலந்தில் இருக்கிறது.

சிவில் செட் நண்பர்கள் இதைக் கவனிக்கணும். அங்கே மேல்மண் சாம்பல் நிறம், அடியில் மஞ்சள் மணல். தோண்டிய மணலை வெளியே கொட்டினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நம்ம கரிசலில் குழி வெட்டி பக்கத்தில் கொட்டினால் எவனுக்குத் தெரியும்! சரிகிற மணலுக்குக் கட்டில் பலகைகளை முட்டுக் கொடுத்து, 1944 மார்ச்சில் 76 விமானப்படைக் கைதிகள் சுரங்கம் வழியாக வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அதில் 50 பேரை ஹிட்லர் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். தப்பிக்கப் பார்ப்பது என்றால் என்ன விலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இது அதிகாரிகளின் கதை. சாதாரண சிப்பாய்களை அன்னபர்க், எப்பினால் என்று வேறு முகாம்களில் அடைத்தார்கள். அவர்களிலிருந்துதான் நேதாஜி ஜெர்மனியில் ஒரு படை திரட்டினார். சேர்ந்தவர்கள் சுமார் 3,000 பேர், சேராதவர்கள் அதைவிட அதிகம். 1944 மே 11 அன்று எப்பினால் முகாம் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அந்தக் கலவரத்தில் ஏறக்குறைய 500 இந்தியர்கள் நடந்தே சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

போர் முடிந்து 1945-ல் விடுதலை. 1966 ஜூனில் தலைமைத் தளபதி. அதே செப்டம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் படைத்தலைவர் ஆனவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே யாஹ்யா கான்! 1967-ல் நாதுலாவில் சீனப்படையோடு மோதி நம் ஜவான்கள் நிலைத்து நின்றது குமாரமங்கலம் காலத்தில்தான். 1970-ல் பத்ம விபூஷண். தம்பி மோகன் மத்திய அமைச்சராக இருந்து 1973-ல் விமான விபத்தில் போய்விட்டார். அண்ணன் 2000 மார்ச் 13-ல் காலமானார்.

நான் ஏன் இவரைத் தேடிப் படித்தேன் என்று சொல்லவில்லையே. என் பூட்டன் ஒரு சாப்பர் சிப்பாய். ஆப்பிரிக்காவில் பிடிபட்டு மூணு வருஷம் ஜெர்மன்காரன்ட்ட இருந்தாராம். திரும்பி வந்து பருத்திக்காட்டில் ஏர் பிடித்தார். அதைப் பத்தி யாரிடமும் பேசினதில்லையாம். கம்மஞ்சோற்றில் ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார் என்று தாத்தா சொல்வார். எந்த முகாம் என்று கேட்டால் தாத்தாவுக்கும் தெரியாது. அவர் மெடல் ஒன்று ஆச்சியின் தகரப் பெட்டியில் கிடக்கிறது. அதில் பூட்டன் பெயரும் நம்பரும் இங்கிலீஷில் வெட்டியிருக்கு. எங்க வீட்டில் அதை முதலில் வாசித்தது நான்தான்.