26 வயதில் மறைந்தவர்... இன்றும் ஓயாத மெட்டு! யார் இந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்?

பழைய பாட்டை எடுத்து புது பாணியில் பாடுவதை இப்போது 'கவர் சாங்' என்கிறோம். 1960-களில் லண்டன் பசங்க அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாடல்களை எடுத்துப் பாடித்தான் உலகப் புகழ் பெற்றார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பெயரே மடி வாட்டர்ஸின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து வந்ததுதான். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம்ம திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் காட்டில் ஒருத்தர் இதற்கு நெருக்கமான ஒரு வேலையைச் செய்தார். அவர்தான் அண்ணாமலை ரெட்டியார்.

1865-ல் சங்கரன்கோவில் பக்கம் உள்ள சென்னிகுளத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தமிழில் கெட்டி. திருவாவடுதுறை ஆதீனம் வரை போய்ப் படித்தார். பழைய ஏடுகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரிடமும் பாடம் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய தமிழ்ப் படிப்பு கிடையாது.

படித்த புலவர் என்றால் அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் எழுத வேண்டும். அப்போதுதான் மதிப்பு, ஜமீன் ஆதரவு எல்லாம். அவரும் எழுதினார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரைத் தன் அவைப் புலவராக வைத்துக்கொண்டார். ஜமீனின் ஊரான வீரகேரளம்புதூரில் குடிகொண்ட நவநீதகிருஷ்ணன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். சங்கரன்கோவில் மீது ஒரு திரிபந்தாதி. அதெல்லாம் இப்போது ஆராய்ச்சி மாணவர்கள் மட்டுமே புரட்டும் நூல்கள்.

திருப்பம் கழுகுமலையில் வந்தது. ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனார். வழிநெடுகப் பாட ரெட்டியார் பாட்டு கட்டினார். அதுதான் 'காவடிச் சிந்து'.

காவடிப் பாட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. தோளில் காவடியைச் சுமந்து நாள்கணக்கில் வெயிலில் நடப்பவர்கள் களைப்பு தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே போவது ரொம்ப காலமாக இருந்த வழக்கம். வழிநடைச் சிந்து என்றே ஒரு வகை உண்டு. இரண்டு அடிகள், ஒரே எதுகை, நடுவில் துண்டாக ஒரு தனிச்சொல். இதுதான் சிந்தின் அடிப்படை வடிவம். நடந்துகொண்டே பாடிப் பார்த்தால் ஏன் இப்படி என்று புரியும். கால் தாளம் போடும், அந்தத் துண்டுச் சொல்லில் மூச்சு நிற்கும்.

ரெட்டியார் அந்த நடையை அப்படியே வைத்துக்கொண்டார். அதற்குள் தான் படித்த அத்தனையையும் கொட்டினார். அருணகிரிநாதரின் திருப்புகழ் போல உருண்டோடும் சந்தம், அடுக்கடுக்கான எதுகை. கழுகுமலை ஊரின் வளம், கோயிலின் அழகு, முருகனை நினைத்து உருகும் பெண்ணின் காதல் என்று சங்க காலத்து அகத்துறை வரை அதில் வந்துவிடுகிறது. ஆனால் தாளம் மட்டும் காவடிக்காரனுடையது. படிக்கும்போது கொஞ்சம் கடினமாக இருக்கும் வரிகூட, பாடினால் சட்டென்று நாக்கில் உட்கார்ந்துவிடும். பண்டிதர்கள் தெருப்பாட்டு என்று ஒதுக்கக்கூடிய ஒரு வடிவத்தில் தன் முழுத் திறமையையும் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். இருபதுகளில் இருந்த ஒருவருக்கு அது இருந்தது.

அதன்பின் அதிக காலம் இல்லை. நோய்வாய்ப்பட்டு 1891-ல் இறந்தார். அப்போது வயது வெறும் 26. எட்டயபுரத்தில் பாரதிக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கழுகுமலையிலிருந்து எட்டயபுரம் ஒன்றும் தொலைவில்லை. பின்னாளில் பாரதி சிந்து வடிவத்தைக் கையில் எடுத்தபோது, இலக்கியத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு மரியாதை உருவாகியிருந்தது. அதில் ரெட்டியாரின் பங்கு பெரியது.

'காவடிச் சிந்தின் தந்தை' என்று அவரைச் சொல்வது வழக்கம். பிறந்து நடமாடிக்கொண்டிருந்த பிள்ளையைப் படிக்க வைத்தவர் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

பாட்டுகள் பிறகு இரண்டு பாதையில் போயின. ஒரு பக்கம் முருகன் கோயில் காவடிகளோடு தெருவில். இன்னொரு பக்கம் கர்நாடக சங்கீத மேடையில், கச்சேரியின் பிற்பகுதியில் வரும் துக்கடாவாக. காவடிச் சிந்து என்றதும் செஞ்சுருட்டி ராகம்தான் பலருக்கு ஞாபகம் வரும். பாடல்களுக்குள் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் ரெட்டியார் பொதிந்து வைத்திருக்கிறார். அதனால் சென்னை சபாக்களில் யாராவது அதைப் பாடும்போதெல்லாம், கரிசல் காட்டுச் சென்னிகுளத்தின் பெயர் ராகத்தோடு ஒலிக்கிறது.