கொடுமுடிக் குரல்

பிழைப்புத் தேடிப் பாலாறு வந்த குடும்பம் எங்களுடையது. ஐந்தாம் வகுப்பில், பள்ளி முழுவதும் கூடியிருக்கப் பாட எழுந்தேன். பாதியில் தொண்டை அடைத்தது. அழுதபடி வீடு வந்த எனக்குப் பாட்டி சொன்னது கே. பி. சுந்தராம்பாளின் கதை.

நம் காவிரி ஓடிச் சேரும் கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் அவர். வறுமையால் ரயிலில் பாடிய சிறுமியை நாடகமேடை அழைத்துக்கொண்டது. மேடைத் துணைவராகி, வாழ்க்கைத் துணைவருமான கிட்டப்பா 1933-இல் மறைந்தார். அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. அன்று பூண்ட வெள்ளுடையை அவர் இறுதிவரை மாற்றவில்லை, பாட்டையும் விட்டுவிடவில்லை. 1935-இல் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நந்தனாராக நடித்தார். 1953-இல் ஔவையாராகவே தமிழர் நெஞ்சில் அமர்ந்தார். 1958-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1980-இல் மறைந்தார்.

மறுவாரம் அதே இடத்தில் நின்று பாடி முடித்தேன். நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் சோதனை பொய்க்கும் நாட்களில், இன்றும் அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.