காமரன் அம்மையார்

கல்லூரியில் ஆண்டு விழா முடிவுற்றதும் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கு நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளுதல் நெடுநாளைய வழக்கம். அசையாது நிற்கும்படி படம்பிடிப்பவர் கேட்டுக்கொண்ட அக்கணமே ஒருவர்க்கு இருமல் வரும். மற்றொருவர்க்கு நகை பிறக்கும். படச்சுருள் இட்ட கருவியாயினும், இக்காலத்து எண்முறைக் கருவியாயினும், படம் பதிவதற்கு வேண்டுவது ஒரு நொடியின் சிறு கூறே. அதற்கே நம்மவர் இத்துணை இடர்ப்படுவாராயின், பல நிமிடம் அசையாதிருக்குமாறு தம் சுற்றத்தாரையெல்லாம் இருத்திப் படம் பிடித்த ஓர் அம்மையாரின் வரலாறு அறியத்தக்கதன்றோ?

ஜூலியா மார்கரெட் என்னும் அவ்வம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தா நகரிற் பிறந்தவர். தந்தையார் கும்பினியின் வங்காள அலுவலர். தாயார் பிரெஞ்சு மரபினர். 1838ஆம் ஆண்டு, தம்மினும் இருபதாண்டு மூத்தவராகிய சார்லஸ் ஹே காமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். இலங்கையிற் கோல்புரூக்குடன் பணிபுரிந்து, அத்தீவின் நீதிமுறையைச் சீர்செய்ய அறிக்கை வரைந்த காமரன் இவரே. நிழற்படக் கருவியின் ஆங்கிலப் பெயரும் அம்மையாரின் பெயரும் ஒலியால் ஒத்திருத்தல் தற்செயலேயன்றி வேறன்று.

1848இல் இங்கிலாந்து திரும்பிய குடும்பம், 1860இல் ஒயிட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரிற் குடியேறிற்று. கவிஞர் டென்னிசன் அவர்க்கு அயலார். மக்கள் வளர்ந்து பிரிய, கணவரும் தோட்டப் பணியை நோக்கி இலங்கை சென்றிருந்த வேளையில், 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் அம்மையாரின் தனிமை தீர ஒரு நிழற்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்பொழுது அவர்க்கு அகவை நாற்பத்தெட்டு. அவ்வயதிற் புதுக்கலை ஒன்றைத் தொடங்குதல் நகைப்புக்கிடமென்று எண்ணுவோர் அக்காலத்தும் இருந்தனர், இக்காலத்தும் உளர்.

நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பு மனையாயிற்று. அக்காலத்து முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொல்லோடியன் என்னும் பசைநீரைப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் கருவியில் இட்டுப் படம் பதித்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்கல் வேண்டும். முதன்முதல் ஓர் உழவரை மணிக்கு அரைக் கிரவுன் கூலி கொடுத்து இருத்திப் படம் எடுத்தார். எடுத்த படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார்! மனந்தளராது முயன்று, 1864ஆம் ஆண்டு ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்கு அமையக் கண்டார். படத்தை ஆக்கியவள் அச்சிறுமியே என்றாற்போல, வீடு முழுதும் ஓடி அவளுக்குப் பரிசில் தேடினாராம். யாம் இவ்வரலாற்றில் மிக விரும்புவது இச்செய்தியே.

அன்று தொட்டு அவர் வீட்டிலுள்ளார்க்கு ஓய்வில்லை. உடன்பிறந்தாள் மகள் ஜூலியா ஜாக்சன் பன்முறை கருவியின்முன் இருந்தார். பிற்காலத்து எழுத்தாளர் வர்ஜீனியா உல்பின் தாயார் இவரே. பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னிமரியாளாகவும், பேரக்குழந்தை பாலன் இயேசுவாகவும் படத்தில் அமைந்தனர். ஈரம் சொட்டும் படங்களை உணவறைக்கே கொணர்ந்து காட்டுவாராதலின், மேசைத்துணிகள் கறைபட்டுப் பாழாயின. கணவரோ ஒவ்வொரு படத்தையும் மகிழ்ந்தே கண்டார். வழியில் இரந்து நின்ற அயர்லாந்துப் பெண்ணின் மகள் மேரி ரயன் என்பவளை அம்மையார் வளர்த்துவந்தார். அவள் படத்தைக் கண்காட்சியிற் கண்டு காதலுற்ற ஹென்றி காட்டன் 1867இல் அவளை மணந்தார். அக்காட்டனே 1904இல் பம்பாயிற் கூடிய இந்தியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை அறிந்தபொழுது யாம் வியந்தோம்.

நிழற்படச் சங்கத்தார் அம்மையாரை மதித்திலர். உருவம் தெளிவின்றி மங்கியிருக்கிறது, தகட்டிற் கீறலும் விரற்குறியும் உள்ளன என்று பழித்தனர். பழிப்பு முற்றும் பொய்யன்று, கீறல் கீறலே. ஆயினும் மங்கல் அவர் வேண்டியே கொண்டது. முகத்தை மிக அணுகிப் பிடித்து, ஒருபுறத்து ஒளியால் விழியும் நெற்றியும் மட்டும் விளங்கச் செய்தார். 1867இல் எடுத்த வானநூல் வல்லார் ஹெர்ஷலின் படத்தை நோக்குவார்க்கு இவ்வுண்மை புலனாம். டார்வினும் அவர் கருவியின்முன் அமர்ந்தவரே. தென் கென்சிங்டன் காட்சிச்சாலை 1865இல் அவர் படங்களை விலைக்கு வாங்கிற்று. எனினும் கடன் தீரப் பொருள் வந்திலது.

1873இல் கருவி தந்த மகள் மறைந்தாள். 1875இல் கணவரும் மனைவியும் மைந்தர் இருந்த இலங்கைக்குப் புறப்பட்டனர். அவர்தம் காப்பித் தோட்டங்களும் ஆங்கிருந்தன. இரண்டு சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர் என்பர்.

களுத்துறையில் அம்மையார் மீண்டும் கருவியை எடுத்தார். ஆண்டு எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அவற்றில் உள்ளார் பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் என்று கருதப்படுகின்றனர். யாம் அப்படங்களை நெடுநேரம் நோக்கினோம். டென்னிசனுக்குப் பெயருண்டு, பணிப்பெண் மேரிக்கும் பெயருண்டு. ஈண்டு நம் மொழி பேசியிருக்கக்கூடிய இம்மாந்தரோ, களுத்துறைக் குடியானவர் என்றும் இளம்பெண் என்றும் மட்டுமே குறிக்கப்பெற்றனர். சிறுமி ஆனிக்குப் பரிசில் தேடி ஓடிய அதே அம்மையார் இவர்தம் பெயரை எழுதாது விட்டதை யாம் எவ்வாறு பொறுப்பது? கலை மட்டில் குறையில்லை. அவர்தம் நோக்கும் நிலையும் முன்னையோர்க்குச் சற்றும் தாழ்ந்தனவல்ல. அதனாலேயே குறை மிகப் பெரிதாய்த் தோன்றுகிறது.

1879ஆம் ஆண்டு ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அம்மையார் உயிர் நீத்தார். பொகவந்தலாவைத் திருக்கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அடுத்த ஆண்டே கணவரும் அவர் பக்கத்தில் வைக்கப்பெற்றார். அவ்விடத்தைச் சுற்றிலும் இன்று தேயிலைத் தோட்டங்கள். அவற்றிற் கொழுந்து பறிப்போர் தமிழர்.