காதால் அளந்த பண்டிதர்

கெடா மாநிலத்தில் கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டக் கோயில்களில் பஜனை தொடங்குமுன் ஆர்மோனியத்தில் சுருதி சேர்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். ‘ச’வும் ‘ப’வும் சேர்ந்து ஒலித்தால் இரண்டும் இழைந்து ஒன்றாகிவிடும். இந்த இடைவெளியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

அவர் 1859-ஆம் ஆண்டு தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது வயலினும் கற்றார். பின்னர்த் தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்து, அப்பணியை விட்டுச் சித்த மருத்துவரானார். மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசைக்காகத் தாராளமாகச் செலவிட்டார்.

ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்பது நூல்வழிக் கருத்து. அவற்றின் அளவைச் சொல்வதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. பண்டிதர் சிலப்பதிகாரத்தின் பழைய இசைமுறையை நாடினார். குரலை ‘ச’ என்றும் இளியை ‘ப’ என்றும் கொண்டார். ஒரு சுரத்துக்கு இளி கண்டு, அந்த இளியையே குரலாக்கி அடுத்த இளியைத் தேடுவது அம்முறை. இங்கேதான் சிக்கல். தந்தியின் மூன்றில் இரண்டு பங்கை ஒலித்தால் ‘ப’ பிறக்கும். அதே கணக்கில் பன்னிரண்டு முறை சென்றால், தொடங்கிய ‘ச’வைச் சற்றே தாண்டிவிடுவோம், வட்டம் மூடாது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகவும், அவற்றை 24 சம சுருதிகளாகவும் பிரிப்பதே முறை என்று அவர் முடிவு செய்தார்.

1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, இசை மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் கணக்கை மட்டும் காட்டி அமரவில்லை. வித்துவான்கள் தங்கள் காதாலேயே கேட்டுத் தீர்மானிக்கட்டும் என்று தம் புதல்வியரை வீணையோடு பாடிக் காட்டச் செய்தார். எவ்வளவு துணிச்சல்! ஒரு சுரம் பிசகினாலும் அத்தனை ஆண்டு உழைப்பும் கேள்விக்குள்ளாகியிருக்கும்.

மறு ஆண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்தார். அவருடைய 24 சுருதிக் கணக்கை எல்லா இசையறிஞரும் ஏற்கவில்லை; அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆர்மோனியக் கட்டைகளும் சம இடைவெளியில் அமைந்தவையே. ஒரு கட்டையை ‘ச’ எனக் கொள்ளுங்கள். அதையும் சேர்த்து, கறுப்பு வெள்ளை இரண்டையும் எண்ணினால் எட்டாவது கட்டை ‘ப’. அதையே ‘ச’வாக்கி மீண்டும் எண்ணுங்கள்; மேல்முனை வந்துவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கித் தொடருங்கள். பன்னிரண்டாம் முறை தொடங்கிய சுரத்திற்கே திரும்புவீர்கள். அடுத்த முறை எண்ணாமல், காதை மட்டும் நம்பி ‘ப’வைத் தேடிப் பாருங்கள்.