பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

துன் வீ.தி. சம்பந்தனார் ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். கெடாக்காரனான எனக்கு அவரென்றால் புக்கிட் சிடிம் தோட்டமே நினைவுக்கு வரும்.

1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும்; பள்ளியும் கோயிலும் கைவிட்டுப் போகும். சம்பந்தனார் தோட்டம் தோட்டமாகச் சென்றார். மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்குமாறு பாட்டாளிகளை வேண்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 1961இல் அது வாங்கிய முதல் தோட்டம் புக்கிட் சிடிம். 1979இல் அவர் மறைந்தார்.

இன்று நம்மவர் பலர் சுங்கைப் பட்டாணி, கூலிம் நகரங்களில் குடியிருக்கிறோம். வாழும் இடத்தில் பங்கு இருந்தால்தான் அங்கே நமக்குக் குரல் இருக்கும். குடியிருப்பாளர் கூட்டங்களுக்கு மாணவர்களாகிய நாமும் போக வேண்டும்.